கண்ணாடி பேப்பர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் ஃபிலிமை ரோலாக வெட்டிக் கொடுப்பது என் தொழில். ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் வரைக்கும் உள்ள சின்னச் சின்ன யூனிட்டுகள், ஸ்வீட் கடைகள், பூச்செண்டு கட்டுகிறவர்கள், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள் எங்களிடம் வாங்குவார்கள். இவர்களில் பலர் கேட்பது "கண்ணாடி பேப்பர்". சௌகார்பேட்டை மொத்த வியாபாரி அதையே இந்தியில் "பன்னி" என்பார். ஸ்டேஷனரி கடையில் கலர் தாள் வாங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது "ஜெலட்டின் பேப்பர்". எங்கள் தொழிலின் பழைய ஆட்கள் "செலோஃபேன்" என்பார்கள். எந்தப் பெயர் சொல்லிக் கேட்டாலும் இன்று பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது பிஓபிபி என்கிற பாலிபுரொபிலீன் ஃபிலிமைத்தான். அது பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக். செலோஃபேன் என்ற பெயரை முதலில் சுமந்த பொருளோ மரக்கூழில் பிறந்தது. பருத்திக்கும் காகிதத்துக்கும் உடன்பிறப்பு.

பொருள் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. இரண்டையும் மிஷினில் ஓட்டிப் பார்த்த தலைமுறை எங்களுடையது. தொட்டுப் பார்த்தே இது எது என்று சொல்லக்கூடியவர்கள் எஸ்டேட்டில் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது சட்டமும் வாடிக்கையாளரும் "இது பிளாஸ்டிக்கா, இல்லையா" என்று கேட்கும் காலம். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

ஷெட்டுக்குள்

1964இல் அரசு தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றாலே லேத், பிரஸ், வெல்டிங், மோட்டார் உதிரி பாகம் என்றுதான் வெளியில் நினைப்பார்கள். எண்ணெயும் இரும்புத்தூளும் நிறைந்த அந்தத் தெருக்களுக்கு நடுவே எங்களைப் போன்ற ஃபிலிம் ஷெட்டுகளும் இருந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்து, ஒரு ஸ்லிட்டிங் ஷெட்டில் ஹெல்பராகச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த முதல் வேலை, தரையைத் துடைப்பது. பக்கத்து ஷெட்டிலிருந்து பறந்து வரும் ஒரு இரும்புத் துணுக்கு ஃபிலிம் மேல் விழுந்து ரோலுக்குள் சுற்றிக்கொண்டால் அந்த இடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகளிலும் புள்ளி விழுந்துவிடும்.

ஸ்லிட்டிங் மிஷினின் வேலை கேட்பதற்கு எளிது. ஆலையிலிருந்து வரும் அகலமான ஜம்போ ரோலை ஒரு பக்கம் ஏற்ற வேண்டும். ஃபிலிம் உருளைகள் வழியே இழுபட்டு வந்து வரிசையாக நிற்கும் பிளேடுகளில் பட்டு, நீளநீளமான பட்டைகளாகப் பிரியும். மறுபக்கம் அட்டைக் கோர்களில் அவை சின்ன ரோல்களாகச் சுற்றிக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் விரலளவு அகலத்துக்கு ட்ரிம் கழிந்து விழும். வித்தையெல்லாம் டென்ஷனில் இருக்கிறது. இழுவை கூடினால் ஃபிலிம் அறும். குறைந்தால் ரோல் தளர்ந்து, தூக்கும்போது நடு பிதுங்கி வெளியே வந்துவிடும்.

அப்போது எங்கள் ஷெட்டில் ஓடியது பெரும்பாலும் நிஜமான செலோஃபேன். மேஸ்திரி என்னை அருகில் அழைத்து ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். "கசக்கு தம்பி, காதுல வச்சுக் கேளு" என்றார். மொறுமொறுவென்று ஒரு சத்தம். "இந்தச் சத்தத்த மனசுல வச்சுக்கோ. இதுக்கு ஓரத்துல ஒரு சின்ன வெட்டு பட்டாப் போதும், முழு அகலமும் ஒரே நொடியில போயிரும். ஓரத்த குழந்த மாதிரிப் பாத்துக்கணும்" என்றார். செலோஃபேன் ரோலைத் தரையில் உருட்டக் கூடாது, ஓரம் எதிலும் இடிக்கக் கூடாது, பிளேடு மழுங்கியிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தொடரக் கூடாது. இந்த மூன்றும்தான் எனக்கு முதல் பாடம்.

பெயர் வந்த வழி

செலோஃபேனைக் கண்டுபிடித்தவர் ஜாக் பிராண்டன்பெர்கர். 1872இல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக்கில் பிறந்தவர். பிரான்சில் துணி ஆலையில் வேலை பார்த்த வேதியியலாளர். உணவகம் ஒன்றில் மேஜை விரிப்பின் மேல் ஒயின் கொட்டியதைப் பார்த்தபோது, கறை படியாத, தண்ணீர் ஒட்டாத துணி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். அப்போது செயற்கைப் பட்டு நூலுக்காக விஸ்கோஸ் என்ற திரவம் புழக்கத்துக்கு வந்திருந்தது. கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேயர்கள் 1892இல் உருவாக்கியது அது. அதைத் துணி மேல் பூசிப் பார்த்தார். துணி விறைத்துக்கொண்டது, உடுத்தவோ மடிக்கவோ உதவவில்லை. ஆனால் பூச்சு மட்டும் மெல்லிய, ஒளி ஊடுருவும் ஏடாகத் தனியே உரிந்து வந்தது. துணியை விட்டுவிட்டு அந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டார். 1908இல் அதைத் தொடர்ச்சியாகத் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். மெலிதாக, விற்கத் தகுந்த தரத்தில் தயாரிக்க 1912 வரை ஆனது.

அதற்கு அவர் வைத்த பெயர்தான் செலோஃபேன். செல்லுலோஸ் என்ற சொல்லின் தலையையும், பிரெஞ்சில் ஒளி ஊடுருவுவதைக் குறிக்கும் 'டியாஃபான்' என்ற சொல்லின் வாலையும் சேர்த்தார். செல்லுலோஸ் என்பது தாவரங்களின் உடலைத் தாங்கும் நார்ப்பொருள். ஆகவே பெயரே பொருளின் பிறப்பைச் சொல்லிவிடுகிறது: தாவர நாரால் ஆன, ஊடே பார்க்கக்கூடிய தாள். நம் ஊரில் யாரோ அதைக் கண்ணாடிக் காகிதம் என்றார்கள். அதுவும் அன்றைக்குச் சரியான பெயர்தான். பார்க்கக் கண்ணாடி, பிறப்பால் காகிதம்.

இதையும் செல்லுலாய்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. செல்லுலாய்டு இதற்கு மூத்தது. அமெரிக்காவின் ஹயாட் சகோதரர்கள் 1870ஐ ஒட்டி, நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய செல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்து அதைச் செய்தார்கள். சீப்பு, பொம்மை, பிறகு சினிமா ஃபிலிம் என்று போனது. நெருப்பைக் கண்டால் பற்றிக்கொண்டு எரியும். செலோஃபேனில் நைட்ரிக் அமிலமும் இல்லை, கற்பூரமும் இல்லை. மூலப்பொருளை எடுத்து, கரைத்து, மறுபடியும் செல்லுலோஸாகவே திரட்டியது அது.

அந்தக் கரைத்துத் திரட்டும் வேலை இப்படி நடக்கும். மரக்கூழ் அட்டைகளைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து, துருவி, சில காலம் பதமாக விடுவார்கள். பிறகு கார்பன் டைசல்ஃபைடு சேர்ப்பார்கள். கூழ் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். அதை மறுபடி காஸ்டிக்கில் கரைத்தால் கெட்டியான, தேன் நிறத் திரவம் கிடைக்கும், அதுதான் விஸ்கோஸ். அதை ஒரு நீண்ட மெல்லிய பிளவு வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்தினால், தொட்ட இடத்திலேயே ஏடாக உறையும். பிறகு தொட்டி தொட்டியாகக் கழுவி, கந்தகத்தை நீக்கி, வெளுத்து, கடைசியில் கிளிசரின் கலந்த நீரில் முக்கி, சூடான உருளைகளில் உலர்த்துவார்கள். அந்தக் கிளிசரின்தான் ஏட்டுக்கு நெகிழ்வு தருவது. அது இல்லையென்றால் அப்பளம்போல் நொறுங்கும்.

ஆனால் பிராண்டன்பெர்கரின் தாளில் ஒரு குறை இருந்தது. தண்ணீரை வெளியே நிறுத்தும்; நீராவியை நிறுத்தாது. பிஸ்கட்டைச் சுற்றினால் நமுத்துப் போகும். 1923இல் உரிமம் பெற்ற அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில், வில்லியம் ஹேல் சார்ச் என்பவரும் உடனிருந்தவர்களும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, 1927இல் ஈரம் புகாத மெல்லிய மேற்பூச்சைக் கண்டுபிடித்தார்கள். உணவுப் பேக்கிங்கில் செலோஃபேன் கொடிகட்டிப் பறந்தது அதற்குப் பிறகுதான். எந்த அளவுக்கென்றால், 1936இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, செலோஃபேன் என்பது இனி ஒரு நிறுவனத்தின் முத்திரைப் பெயர் இல்லை, பொருளுக்கே பெயராகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. பிரிட்டன் உள்ளிட்ட வேறு நாடுகளில் அது முத்திரையாகவே நின்றது. அங்கே 1937இல் செலோஃபேனில் பசை தடவி ஒட்டு டேப் செய்தவர்கள், முத்திரைச் சிக்கலைத் தவிர்க்க ஆங்கிலத்தில் முதல் எழுத்தான Cயை S ஆக மாற்றி 'செல்லோடேப்' என்று வைத்தார்கள். நம் மேஜை மேல் கிடக்கும் 'செலோ டேப்' என்ற சொல்லுக்குள்ளும் அந்தப் பழைய தாள்தான் ஒளிந்திருக்கிறது, டேப் இப்போது பிஓபிபியாகவே இருந்தாலும்.

நம் பக்கத்து ஆலைகள்

எங்களுக்கு ரோல் வந்ததற்குப் பின்னால் ஒரு தமிழரின் கதையும் இருக்கிறது. கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரை இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் என்ற அளவில்தான் பலருக்குத் தெரியும். கேரளத்தில் பெரும்பாவூருக்கு அருகே, பெரியாற்றின் கரையில், திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை உருவாகவும் அவரே முன்னின்றார். ரேயான் என்ற செயற்கைப் பட்டு நூலுக்கு நாட்டின் முதல் ஆலை அது. 1950இல் உற்பத்தி தொடங்கியது. ஆலை இருந்த இடத்துக்கே ரேயான்புரம் என்று பெயர் வந்தது. ரேயான் நூலுக்கும் செலோஃபேனுக்கும் மூலம் ஒரே விஸ்கோஸ்தான்; ஊசித் துளை வழியே விட்டால் நூல், பிளவு வழியே விட்டால் தாள். அந்த ஆலை இரண்டையும் செய்தது. செட்டியார் 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார். ஆலை பல சிக்கல்களுக்குப் பிறகு 2001இல் மூடப்பட்டது. வடக்கே, மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்து த்ரிவேணியில் கேசோராம் ரேயான் 1961இல் இந்தத் தாளைத் தயாரிக்கத் தொடங்கியது. அவர்கள் அதை 'டிரான்ஸ்பரன்ட் பேப்பர்' என்றே குறிப்பிட்டார்கள். நம் கண்ணாடி பேப்பருக்கு அதுவே நேர்ச்சொல்.

ரோல் மீது ஒட்டியிருக்கும் சீட்டில் எண்ணும் எழுத்தும் இருக்கும்: 300 பிடி, 300 எம்எஸ்டி என்று. எண், எடையைச் சொல்லும். 300 என்றால் சதுர மீட்டருக்கு 30 கிராம். பி என்றால் மேற்பூச்சு இல்லாத வெறும் தாள்; எம் என்றால் ஈரம் புகாது; எஸ் என்றால் சூட்டில் ஒட்டும்; டி என்றால் ஒளி ஊடுருவும். ஒரு கடைக்காரர் என்ன பொருள் கட்டப் போகிறார் என்று கேட்டுத்தான் எந்த ரோலை ஏற்றுவது என்று மேஸ்திரி முடிவு செய்வார். மேற்பூச்சு இல்லாத பிடி தாள் சூட்டில் ஒட்டாது. பை செய்ய வேண்டுமென்றால் பசை தடவித்தான் ஒட்ட வேண்டும். எம்எஸ்டி தாளில் ஒட்டுவது அந்த மெல்லிய மேற்பூச்சு மட்டும்தான். உள்ளே உள்ள செல்லுலோஸ் உருகாது. அதனால் சீலிங் மிஷினின் தாடை கொஞ்சம் அதிகமாகச் சூடேறினாலும் தாள் சுருங்காமல் பொறுத்துக்கொள்ளும்.

அம்பத்தூர் வெயிலும் ஐப்பசி மழையும்

செலோஃபேனோடு வேலை செய்கிறவன் வானத்தைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், விடும். மெரினா பக்கம் வீசும் கடல்காற்று அம்பத்தூர், ஆவடி வந்து சேர நேரமாகும். சித்திரை, வைகாசியில் மதியம் வரைக்கும் இங்கே வறண்ட மேல்காற்றுதான். அந்த நேரத்தில் ரோலைப் பிரித்து வைத்தால் ஓரம் காய்ந்து, மிஷினில் இழுத்த உடனே சடக்கென்று அறும். ஈரச் சாக்கைத் தரையில் விரித்து, தண்ணீர் தெளித்து, ரோலை பாலிதீன் உறையை விட்டு எடுக்காமலேயே ஷெட்டுக்குள் பழகவிட்டு, சாயங்காலக் காற்று வந்த பிறகு ஓட்டுவோம். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர். ஓரங்கள் ஈரம் குடித்து அலை அலையாக நெளியும். தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். அப்போது டென்ஷனைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, ஓர ட்ரிம்மைக் கூட்டி ஓட்ட வேண்டும். கிடங்கில் முதலில் வந்த ரோலை முதலில் வெட்டியாக வேண்டும். வயசான செலோஃபேனில் கிளிசரினும் ஈரமும் குறைந்துபோயிருக்கும். எந்தப் பக்குவம் செய்தாலும் திரும்பாது.

தொந்தரவு கொடுத்த அளவுக்கு அது நன்மையும் செய்தது. ஈரத்தைத் தன்னிடம் வைத்திருப்பதால் அதில் ஸ்டேட்டிக் சேராது, தூசியை இழுக்காது. மடித்தால் மடிந்த இடத்தில் நிற்கும். மிட்டாயைச் சுற்றி இரண்டு முனையையும் முறுக்கினால், முறுக்கு அப்படியே இருக்கும். ஊதுபத்தியின் வாசனையை வெளியே விடாது. மேற்பூச்சு இல்லாத தாள் நீராவியை மெதுவாக வெளியே விடுவதால், உள்ளே இருக்கும் பண்டம் வியர்க்காது.

நீரையும் சிறு மூலக்கூறுகளையும் விட்டு, பெரியவற்றைத் தடுக்கும் இந்தக் குணம் உயிரையே காத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், கேம்பன் என்ற சிற்றூர் மருத்துவமனையில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் 1943இல் முதல் செயற்கைச் சிறுநீரகக் கருவியைச் செய்தார். அதில் ரத்தம் ஓடியது, இறைச்சி அடைப்பதற்காக விற்ற செலோஃபேன் குழாய்க்குள். உருளையில் சுற்றிய அந்தக் குழாயை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். ரத்தத்தில் இருந்த யூரியா தாள் வழியே நீருக்குள் வெளியேறியது. 1945இல் ஒரு பெண்மணி அந்தக் கருவியால் உயிர் பிழைத்தார். நான் வெட்டிய பொருளின் குலம் இது என்று தெரிந்த நாளிலிருந்து அதன் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பிஓபிபி வந்தது

1981இல் தொடங்கிய காஸ்மோ ஃபிலிம்ஸ் இந்தியாவில் பிஓபிபிக்கு வழி திறந்தது. பின்னால் வேறு ஆலைகளும் வந்தன. பாலிபுரொபிலீன் குருணையை உருக்கித் தகடாக்கி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து மெலிதாக்கிய ஃபிலிம் அது. இரு திசையிலும் இழுத்ததைத்தான் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகள் சொல்கின்றன. எங்கள் ஷெட்டுக்கு அது வந்தபோது மேஸ்திரி வழக்கம்போலக் கசக்கிப் பார்த்தார். "சத்தம் வருது, ஆனா வேற சத்தம்" என்றார்.

செலோஃபேன் தோற்றது அழகிலோ தரத்திலோ அல்ல, கணக்கில். நாங்கள் ஃபிலிமை வாங்குவது கிலோவில். வாடிக்கையாளர் பொட்டலம் கட்டுவது பரப்பில். 300 தாள் சதுர மீட்டருக்கு 30 கிராம் என்பதால் ஒரு கிலோவில் 33 சதுர மீட்டர் கிடைக்கும். 20 மைக்ரான் பிஓபிபி சதுர மீட்டருக்கு சுமார் 18 கிராம்தான். ஒரு கிலோவில் 55 சதுர மீட்டர். பருமன் ஏறத்தாழ ஒன்றுதான். செலோஃபேனின் அடர்த்தி 1.4க்கு மேல், பாலிபுரொபிலீனுக்கு 0.9. விலை ஒன்றாகவே இருந்தாலும் பிஓபிபி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் பொட்டலம் கட்டும். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, கிடங்கில் கிழடாகாது. வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எங்கள் கைதான் மறுபடி பழக வேண்டியிருந்தது. ஓட ஓட பிஓபிபியில் ஸ்டேட்டிக் ஏறும். வெயில் காலத்தில் ரோலைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். தூசியும் ட்ரிம்மும் வந்து ஒட்டிக்கொள்ளும். செம்பு ஜிகினாச் சரத்தை மிஷினின் குறுக்கே கட்டி, எர்த் கொடுத்து ஓட்டினோம். சீலிங்கில் செலோஃபேனுக்குப் பழகிய சூட்டை வைத்தால் பிஓபிபி சுருங்கிச் சுருண்டுவிடும். முறுக்கினால் பிரிந்துகொள்ளும். அதனால் முறுக்கு மிட்டாய்க்கு வேறு வகை ஃபிலிம்கள் வந்தன. சில ஆண்டுகளில் செலோஃபேன் ஜம்போ ரோல் எங்கள் ஷெட்டில் ஒரு மூலைக்குப் போனது. கேட்கிறவர்கள் மட்டும் அதே பெயரில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கையால் அறிவது

ஒரு துண்டைக் கொண்டுவந்து "இது என்ன ஃபிலிம்?" என்று கேட்டால் நாங்கள் பார்க்கும் முறை இது. லேப் வேண்டாம், டம்ளர் தண்ணீரும் தீப்பெட்டியும் போதும்.

முதலில், விரல் நகமளவு துண்டைத் தண்ணீருக்குள் அழுத்தி, காற்றுக் குமிழி ஒட்டாமல் தேய்த்துவிட வேண்டும். பிஓபிபியும் பாலிதீனும் மேலே வந்துவிடும். செலோஃபேன், பிவிசி, பாலியெஸ்டர் மூன்றும் மூழ்கும். மூழ்கியதை எடுத்துத் தடவிப் பார்த்தால் செலோஃபேன் ஈரம் குடித்துத் துவண்டு, ஈரத்தோல்போல் நெளிந்திருக்கும். மேற்பூச்சு உள்ளதென்றால் கொஞ்சம் நேரம் எடுக்கும். மற்ற இரண்டும் துடைத்தால் பழையபடி.

அடுத்து நெருப்பு. காற்று வீசாத இடத்தில், இடுக்கியால் பிடித்து, ஒரு சின்னத் துண்டு மட்டும். செலோஃபேன் காகிதம்போல் எரியும், எரிந்த காகித வாசம் வரும், தொட்டால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும், சொட்டாது. பிஓபிபி முதலில் நெருப்பை விட்டுச் சுருங்கி ஒதுங்கும், பிறகு உருகிச் சொட்டும். மெழுகுவத்தியை அணைத்தால் வரும் வாசம் அடிக்கும். பிவிசி மூக்கைக் குத்தும் புகையோடு, நெருப்பை எடுத்தால் தானே அணையும். அதை முகர்ந்து பார்க்கவே கூடாது. பாலியெஸ்டர் உருகி, கரிப்புகை விடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது இந்தச் சோதனையை இயற்கையே பெரிய அளவில் செய்து காட்டியது. எங்கள் கிடங்கில் கீழ் வரிசையில் பிஓபிபி ரோல்களும், பொக்கே கடைகளுக்காக வைத்திருந்த சில செலோஃபேன் ரோல்களும் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு பிஓபிபி ரோல்களின் வெளிச்சுற்றுகளை உரித்துப் போட்டு, அட்டைக் கோரை மட்டும் மாற்றி, உள்சுற்றுகளை மீட்டோம். செலோஃபேன் ரோல்கள் ஊதிப் பெருத்து, ஓரம் பூவாக விரிந்து, சுற்றோடு சுற்று ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தன. தண்ணீரைப் பொருட்படுத்தாதது மண்ணையும் பொருட்படுத்தாது. தண்ணீரை ஏற்றுக்கொள்வதை மண்ணும் ஏற்றுக்கொள்ளும். பூச்சில்லாத செலோஃபேனை ஈரமண்ணில் புதைத்தால் நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் தின்றுவிடும். மேற்பூச்சு இருந்தால் மாதக்கணக்கு ஆகலாம். பிஓபிபி அங்கே பல்லாண்டுகள் கிடக்கும்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்

தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை கொண்டுவந்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் மத்திய அரசின் தடை வந்தது. அதில் ஸ்வீட் பாக்ஸ், அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றைச் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிமைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் ஒரு காலத்தில் செலோஃபேனின் சொந்த வீடு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அழைப்பிதழுக்கு வாங்கும் கண்ணாடி உறையும், தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி மேல் பளபளக்கும் உறையும் எங்களைப் போன்ற ஷெட்டுகளில் வெட்டியவைதான்.

தடைக்குப் பிறகு கடைக்காரர்கள் என்னிடம் வந்து, "அண்ணே, பிளாஸ்டிக் வேணாம், கண்ணாடி பேப்பரே குடுங்க. அது பேப்பர்தானே?" என்கிறார்கள். நேர்மையாகக் கேட்கிறவர்கள்தான். அந்தப் பெயரைச் சொல்லி பிஓபிபியை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். 'செலோஃபேன்' என்று எழுதி, 'மக்கும்' என்றும் பக்கத்தில் எழுதி, உள்ளே பாலிபுரொபிலீன். அதிகாரி வந்து பறிமுதல் செய்யும்போது அபராதம் கட்டுவது கடைக்காரர். ஃபிலிம் குப்பையாகப் போய்ச் சேர்வதோ அம்பத்தூர் ஏரிக்கும் கொரட்டூர் ஏரிக்கும் போகும் கால்வாயில். மழைக்காலத்தில் அந்தக் கால்வாய் அடைப்பை எடுக்கும்போது வெளியே வரும் ஃபிலிம் துண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நம் தொழிலில் இருப்பவனுக்கு ஒவ்வொரு துண்டும் இன்ன ஃபிலிம் என்று பெயரோடு தெரியும். செலோஃபேன் அதில் இருக்காது.

அதற்காகச் செலோஃபேனைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. அதைச் செய்யப் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு, விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளிகளின் நரம்புகளையும் இதயத்தையும் பாதித்த வரலாறு பல நாடுகளில் உண்டு. தண்ணீர் ஏராளமாகச் செலவாகும். அமிலமும் காஸ்டிக்கும் கலந்த கழிவு, சுத்திகரிக்காமல் விட்டால் ஆற்றைக் கெடுக்கும். மேற்பூச்சில் பிளாஸ்டிக் வகைகளும் உண்டு. ஆகவே செலோஃபேன் என்றாலே நல்லது, பிஓபிபி என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சுற்ற வேண்டிய தேவையே இல்லாத ஸ்வீட் பெட்டிக்கு எந்தத் தாளும் வேண்டாம் என்பதுதான் முதல் பதில். சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால், என்ன சுற்றுகிறோம் என்று தெரிந்து சுற்ற வேண்டும்.

அதனால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பில்லிலும் ரோல் சீட்டிலும் 'கண்ணாடி பேப்பர்' என்று எழுதுவதில்லை. பிஓபிபி என்றால் பிஓபிபி, எத்தனை மைக்ரான் என்பதோடு. செலோஃபேன் என்றால் செல்லுலோஸ் ஃபிலிம் என்று, பூச்சு உண்டா இல்லையா என்பதோடு. வாங்குகிறவர் பேச்சில் எந்தப் பெயரையும் சொல்லிக்கொள்ளட்டும். கொடுக்கிறவன் சீட்டில் பொருளின் பெயர் இருக்க வேண்டும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே தண்ணீர்ச் சோதனையும் நெருப்புச் சோதனையும் சொல்லிக் கொடுக்கிறேன். மிஷின் ஓட்டுவது பிறகு.

இதைப் படிக்கும் கடைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கண்ணாடி பேப்பர் வாங்கும்போது "இது எதுல செஞ்சது?" என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லத் தயங்கினால், ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் டம்ளர் தண்ணீருக்குள் அழுத்தி, குமிழி போகத் தேய்த்து விடுங்கள். மிதந்தால் அது பிளாஸ்டிக். யார் என்ன பெயர் சொல்லி விற்றிருந்தாலும் சரி.